ஜன்னலோரத்தில் ஒரு வயல்

மும்பை காய்கறிச் சந்தைகளில் ‘சமுத்ர மேத்தி’ என்று சின்னச் சின்னக் கட்டுகள் விற்கிறார்கள். வேரோடு பிடுங்கிய விரல் நீள வெந்தயக் கீரை. கடலோர மணலில் விளைந்ததால் இந்தப் பெயர். மணல் போக அலசிப் பூண்டுடன் வதக்கினால் சப்பாத்திக்கு பாஜி தயார்.

அந்த வயலை ஃபிளாட்டுக்குள்ளேயே அமைக்கலாம். ரயில் பாதையோரம் சாக்கடை நீரில் கீரை வளர்ந்ததை ஆண்டுக்கணக்கில் ரயிலிலிருந்தே பார்த்த மும்பைவாசிகளுக்கு இது சாதாரண விஷயமல்ல.

தொடங்குவது சுலபம். தோற்பதும் சுலபம். காரணம், பெரும்பாலும் வெளிச்சம். எதிர்க் கட்டடம் வெயிலை மறைத்தால் செடி வெளிறி, ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும். எனவே ஆசையைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்தே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளிச்சம் குறைந்த அறைக்கு வெந்தயமும் கடுகும் ஏற்றவை. முதல் சில நாட்களுக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. அடியில் துளையிட்ட டப்பா, இரண்டு அங்குல மண், ஓர் இரவு ஊறிய வெந்தயம். 7 முதல் 10 நாட்களில் அறுவடை.

நான்கைந்து மணி நேரம் வெயில் விழும் ஜன்னலா? கொத்தமல்லி வைக்கலாம். தனியாவை இரண்டாக உடைத்து, ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாட்களாவது பொறுமை தேவை. புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். சாலட்டுக்கான லெட்யூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் சரியாக முளைக்காது. மும்பையில் அதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம்.

வெயிலே வராத வீட்டில் எல்.இ.டி. விளக்கு கைகொடுக்கும். 2015 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் ருசித்த லெட்யூஸும் அப்படி வளர்ந்ததுதான். செடிக்கு ஓரடிக்குள் தொங்கும் 20 வாட் விளக்கு தினமும் 14 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 8 யூனிட் செலவாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். விவசாயக் கடை விதையில் பூஞ்சை மருந்து கலந்திருக்கலாம். முளைக் கீரைக்கு மளிகைக் கடை வெந்தயமே நல்லது. மழைக்காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஈரம் தேங்கினால் நாற்று அடியில் அழுகிச் சாயும்.

காய்கறிச் செலவு இதனால் பெரிதாகக் குறையாது. கிடைப்பது கைப்பிடிக் கீரைதான். ஆனால் அது எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.