தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் (முதுநிலைப் படிப்பு)

தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் என்பது ஆலை, கட்டுமானம், சுரங்கம் முதலிய பணியிடங்களில் விபத்தும் தொழில்சார் நோயும் நேரக்கூடிய வழிகளை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் முறைகளைக் கற்பிக்கும் பொறியியல் மேற்படிப்பு ஆகும். இந்தியாவில் இது எம்.இ., எம்.டெக். பட்டங்களுக்குரிய இரண்டாண்டுப் படிப்பாக உள்ளது. விபத்து நடந்ததும் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முடித்துவிடும் வழக்கத்தை இத்துறை ஏற்பதில்லை. மனிதர் தவறுவது இயல்பு. ஒருவர் தவறினாலும் உயிர் போகாதபடி வேலையை அமைக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கொள்கை.

ஆபத்தும் இடரும்

பேச்சு வழக்கில் ஒன்றாகக் கருதப்படும் இவ்விரு சொற்களையும் இத்துறை வேறுபடுத்துகிறது. தீங்கு செய்யும் தன்மை உடையது ஆபத்து. அத்தீங்கு நேருவதற்கான வாய்ப்பையும், நேர்ந்தால் விளையும் பாதிப்பின் அளவையும் சேர்த்துக் கூறுவது இடர். ஒரு கலன் அமிலம் ஆபத்து. மூடி வைத்த கலனைவிடத் திறந்து வைத்த கலனில் இடர் அதிகம்.

வாய்ப்புக்கு 1 முதல் 5 வரையும், பாதிப்புக்கு 1 முதல் 5 வரையும் மதிப்பளித்துப் பெருக்குவது எளிய இடர் மதிப்பீட்டு முறையாகும். இதைக் கண்மூடிப் பின்பற்றக் கூடாது. அடிக்கடி நேரும் சிறு காயத்துக்கும் (5 × 2), அரிதாக நேரும் உயிரிழப்புக்கும் (2 × 5) விடை 10 தான். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வரலாறு

இத்துறையின் முக்கிய முறைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானவை. பழுது மரப் பகுப்பாய்வு 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், மினிட்மேன் ஏவுகணையின் ஏவு கட்டுப்பாட்டு அமைப்புக்காக உருவாக்கப்பட்டது. வேதியியல் ஆலைகளுக்கான 'ஹேசாப்' ஆய்வு முறை 1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் தோன்றியது.

1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் நடந்த வெடிவிபத்து இன்றும் வகுப்பறைகளில் பாடமாக உள்ளது. அங்கு வரிசையாக இருந்த ஆறு உலைகளில் ஐந்தாவதில் விரிசல் கண்டது. அதை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாயால் இணைத்தனர். அதற்கு முறையான பொறியியல் வரைபடம் இல்லை. பணிமனைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த கோடுகளே இருந்தன. இரண்டு மாதங்களில் அந்த இணைப்பு உடைந்து, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் வெடித்ததில் 28 பேர் இறந்தனர். சனிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் ஆட்கள் குறைவு; இல்லையெனில் இறப்பு பன்மடங்காகியிருக்கும். ஆலையில் செய்யும் எந்த மாற்றத்தையும், அது தற்காலிகமானதே ஆனாலும், செய்வதற்கு முன் ஆராய வேண்டும் என்ற 'மாற்ற மேலாண்மை' விதிக்கு இவ்விபத்து வலுவூட்டியது.

பாடங்கள்

தீப் பாதுகாப்பு, மின் பாதுகாப்பு, வேதியியல் ஆலைப் பாதுகாப்பு, தொழில்சார் சுகாதாரம், பணிச்சூழலியல், நம்பகத்தன்மைப் பொறியியல், தொழிலாளர் சட்டம் ஆகியவை பொதுவாக இடம்பெறும் பாடங்கள். பகுப்பாய்வு முறைகளுக்குத் தனி இடம் உண்டு. பழுது மரத்தில் விபத்தை உச்சியில் வைத்து, "இது நேர எவையெல்லாம் தவற வேண்டும்?" என்று கீழ்நோக்கிக் கேட்டுச் செல்வர். ஹேசாப் முறையில் ஒவ்வொரு குழாயையும் எடுத்துக்கொண்டு, ஓட்டம் நின்றால், கூடினால், திசை மாறினால் என்னவாகும் என்று குழுவாக அமர்ந்து ஆராய்வர். இறுதியில் மாணவர் ஆய்வுத் திட்டம் ஒன்றை முடித்து அறிக்கை அளிக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுப் படிநிலை

இடரைக் குறைக்கும் வழிகளை ஐந்து படிகளாக வரிசைப்படுத்துவர். செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையைக் கொண்டு இதை விளக்கலாம்.

1. நீக்குதல்: ஆள் இறங்காமல், உறிஞ்சு வாகனத்தால் வெளியிலிருந்தே சுத்தம் செய்தல்.
2. மாற்றீடு: தொட்டிக்குப் பதிலாக, ஆள் இறங்கத் தேவையில்லாத அமைப்பைப் பயன்படுத்துதல்.
3. பொறியியல் கட்டுப்பாடு: காற்றோட்டம் ஏற்படுத்துதல்.
4. நிர்வாகக் கட்டுப்பாடு: வாயு அளவீடு, எழுத்துமூல அனுமதி, மேற்பார்வை, பயிற்சி.
5. தனிநபர் காப்புக் கருவி: சுவாசக் கருவி, காப்புக் கச்சை, மீட்புக் கயிறு.

மேலே உள்ள படிகள் தொழிலாளியின் விழிப்பை நம்பியிருப்பதில்லை. கீழே செல்லச் செல்ல முழுச் சுமையும் அவர் தலையில் விழுகிறது. தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. செறிவு கூடும்போது அது மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கடிப்பதால், நாற்றத்தை வைத்து ஆபத்தை அறிய முடியாது. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்து இறப்பது இதனால்தான். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது.

போபாலும் இந்தியச் சட்டமும்

1984 டிசம்பர் 2-3 இரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அன்று குளிரூட்டும் அமைப்பு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. நீர்த்தாரை கசிவு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: இடைநிலைப் பொருளான அந்த நச்சை டன் கணக்கில் சேமித்து வைக்கத்தான் வேண்டுமா? இல்லாத பொருள் கசியாது என்னும் இக்கருத்தை 'இயல்பான பாதுகாப்பு' என்ற கோட்பாடாக வளர்த்தவர் பிரிட்டன் வேதியியலர் டிரெவர் கிளெட்ஸ்.

இதன் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் (1948) திருத்தப்பட்டு, அபாயகரமான செயல்முறைகளுக்குத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. உடனடி ஆபத்தை உணரும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை அதில் இடம்பெற்றது. அச்சட்டம் 1000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைக்குப் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியிருந்தது. 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இவ்வெண்ணை 500 ஆகவும், அபாயகரமான ஆலைகளுக்கு 250 ஆகவும் குறைத்தது.

தமிழ்நாட்டில் கல்வியும் வேலையும்

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் எம்.டெக். படிப்பும், பட்டாசுத் தொழில் மிகுந்த சிவகாசியில் உள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியில் எம்.இ. படிப்பும் உள்ளன. தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர 'கேட்' தேர்வு மதிப்பெண் தேவை. சென்னையிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழிலகப் பாதுகாப்பில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பாதுகாப்பு அலுவலர் பணியை விரும்புவோர், தாம் சேரும் படிப்பு அப்பணிக்குரிய தகுதியாக மாநில அரசின் விதிகளில் ஏற்கப்பட்டுள்ளதா என்பதைச் சேருமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாதுகாப்பு அலுவலர், இடர் ஆய்வாளர், தணிக்கையாளர், காப்பீட்டு ஆய்வாளர் ஆகியவை இப்படிப்புக்குரிய பணிகள். உற்பத்தி இலக்கு நெருக்கும் நேரத்தில் "இந்த வேலையை இப்போது நிறுத்துங்கள்" என்று காரணத்தோடு சொல்வதும் இப்பணியின் பகுதியே. அதற்குத் துணிவு மட்டும் போதாது; கணக்கும் சான்றும் கையில் இருக்க வேண்டும். இப்படிப்பு அவற்றைத் தருகிறது.