சக்கரமும் பாதையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு 1931-ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். 2004-ஆம் ஆண்டோடு அவ்வண்டிகள் விடைபெற்றன. இன்று இருப்பது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. இரண்டிற்கும் தண்டவாளம் என்றே பெயர். ஆனால் ஒன்றில் ஓடிய வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, "பழுதில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பாதையில் ஓடப்போகும் வண்டி என்றும் கேட்க வேண்டும் அன்றோ?

கணிப்பொறி நிரல்களுக்கும் இது பொருந்தும். சி மொழியில் முழு எண்களை வைக்க 'இன்ட்', 'லாங்' முதலிய வகைகள் உண்டு. இன்ட் 16 பிட்டுக்கும், லாங் 32 பிட்டுக்கும் குறையலாகாது என்பதே மொழியின் விதி. அதற்கு மேல் எவ்வளவு என்பது இடத்திற்கு இடம் மாறும். 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட். 64 பிட் விண்டோஸில் அது 32 பிட்தான்.

இதனால் நேரும் இடரை நானே பட்டறிந்தேன். தாம்பரத்தை அடுத்த ஒரு சேமிப்புச் சங்கத்திற்குக் கணக்கு நிரல் எழுதினேன். தொகைகளைப் பைசாவாக்கி, 64 பிட்டில் கூட்டி, விடையை லாங் வகையில் வைத்தேன். நிரலை இயக்காமலே பிழை காணும் சோதிப்பானை என் லினக்ஸ் கணிப்பொறியில் ஏவினேன். அது குறையொன்றும் கூறவில்லை. சங்கத்தில் இருந்ததோ விண்டோஸ். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. அத்தனை பைசா என்பது ஏறத்தாழ 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரம் ரூபாய். வைப்புத் தொகை அந்த எல்லையைக் கடந்த நாளன்று, சங்கம் கோடிக்கணக்கில் கடன்பட்டது போலக் கழித்தற்குறியோடு ஓர் எண் திரையில் நின்றது. வாழ்நாள் சேமிப்பை அங்கே ஒப்படைத்திருந்த முதியவர்களின் கலங்கிய முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. பேரேடு இருந்தமையால் பணம் தப்பியது. என் பெயர் தப்பவில்லை.

சோதிப்பானை நொந்து பயனில்லை. தான் இருந்த பொறியின் அளவையே அது நிரலுக்கும் கொண்டது. 'சிபிபிசெக்' போன்ற சோதிப்பான்களிடம், நிரல் ஓடப்போவது லினக்ஸிலா, விண்டோஸிலா, எத்தனை பிட் பொறியில் என்று முன்கூட்டியே கூற வழியுண்டு. நான் கூறவில்லை. பின்னர் விண்டோஸ் அளவைக் கொடுத்து ஆராய்ந்தபோது, 64 பிட் விடையை 32 பிட்டில் அடைக்கும் அந்த வரியை அது உடனே சுட்டிக் காட்டிற்று. 1999-ஆம் ஆண்டின் சி மொழித் தரம், அளவைப் பெயரிலேயே கொண்ட 'இன்ட்64_டி' போன்ற வகைகளையும் வகுத்துத் தந்துள்ளது. இன்று பணக் கணக்கிற்கு நான் அதனையே கையாளுகிறேன்.

1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பொறிகளுக்கு, 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண்ணிக்கை நிரம்பிவிடும். திருத்தப்படாத பொறி, அடுத்த நொடியை 1901-ஆம் ஆண்டு என்று கொள்ளக்கூடும். அவற்றைத் தேடித் திருத்தும் பணி உங்கள் தலைமுறைக்கும் காத்திருக்கிறது. அப்போது சக்கரத்தை மட்டும் தட்டிப் பார்த்து நின்றுவிடாதீர்கள். பாதையையும் அளந்து பாருங்கள்.