ஜப்பானிய விடுதியும் வெந்நீர்த் தொட்டியும்

வெந்நீரூற்று நம் நாட்டினருக்குப் புதியதன்று. மும்பையில் குடியேறி வாழும் தமிழன்பர்கள் வஜ்ரேசுவரிக்குச் சென்று நீராடியிருப்பார்கள். பீகாரில் வாழ்வோர் ராஜகிருகத்துக் குண்டங்களையும், வடக்கே யாத்திரை சென்று வந்தோர் பத்ரிநாத்தின் தப்த குண்டத்தையும் அறிவர். இவ்விடங்களில் வெந்நீர் தெய்வ சந்நிதியை அடுத்து விளங்குகிறது. ஜப்பானியரோ அதனை விருந்தோம்பலின் நடுவே வைத்துப் போற்றுகின்றனர். பயணக் களைப்போடு வந்து சேரும் விருந்தினருக்கு ஒரு கிண்ணம் தேநீர் தருவார்கள்; அதற்கு அடுத்த உபசாரம் குளியலே.

பழைய முறையில் அமைந்த விடுதியை ‘ரியோகான்’ என்றும், வெந்நீரூற்றை ‘ஒன்சென்’ என்றும் அவர்கள் வழங்குவர். எரிமலைகள் மிகுந்த தீவுகளாதலின், நிலத்தினுள் இறங்கிய மழைநீர் ஆழத்துப் பாறைகளின் வெப்பத்தால் சூடேறி, கந்தகம், இரும்பு, உப்பு முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. எந்த நீரை ஒன்சென் என்று கூறலாம் என்பதற்கு 1948ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றினர். ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத வெப்பம் இருத்தல் வேண்டும். அன்றேல், குறித்த 19 பொருள்களுள் ஒன்றேனும் போதிய அளவு கலந்திருத்தல் வேண்டும். ஆகவே, குளிர்ந்த நீரும் சட்டத்தின் கண்ணுக்கு வெந்நீரூற்றாகத் தோன்றலாம் என்பது ஒரு வேடிக்கை!

இவ்விடுதிகளின் தொன்மை வியப்புக்குரியது. யாமனாஷி மாநிலத்து மலைகளிடையே உள்ள கெய்யுன்கான் என்னும் விடுதி கி.பி. 705இல் தோன்றியது என்பர். உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் நூலும் அதனைக் குறித்துள்ளது. ஆயினும் இன்று இத்தொழில் தளர்ந்து வருகிறது. 1980ஆம் ஆண்டளவில் 80,000க்கு மேற்பட்டிருந்த ரியோகான்கள், 2017இல் 40,000க்கும் கீழாகக் குறைந்துவிட்டன. முதியோர் நடத்தும் சிறு விடுதிகளை ஏற்று நடத்தப் பிள்ளைகள் முன்வராமை ஒரு காரணம்.

விடுதி வாயிலிலேயே பாதரட்சையைக் கழற்றிவிட வேண்டும். இது நமக்குக் கற்பிக்க வேண்டிய பாடமன்று. ஆனால், நடைவழியில் அணியத் தரும் செருப்பையும் அறை வாயிலில் விட்டே கோரைப்பாய் பரப்பிய தரையில் கால் வைக்க வேண்டும் என்பதும், கழிப்பறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு என்பதும் மறந்து போகும். உடுத்திக்கொள்ள ‘யுகாதா’ என்னும் பருத்தி அங்கி தருவார்கள். அதன் இடப்புறம் வலப்புறத்தின்மேல் வருமாறு மடித்துக் கட்டுதல் வேண்டும். மாறிக் கட்டினால் பணிப்பெண் ஓடி வந்து திருத்துவாள். இறந்தோர்க்குத்தான் அவ்வாறு உடுத்துவது வழக்கம்.

இனிக் குளியலுக்கு வருவோம். பொதுக் குளியலறைகள் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே உண்டு. ஆயினும், அங்கே உடலில் ஒரு நூலும் இன்றி நீரில் இறங்க வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் சேலையுடனே நீராடிப் பழகிய நம் பெண்டிர்க்கு இது எளிதில் இசையக்கூடியதா?

டோக்கியோவிற்குத் தென்மேற்கே மலைகள் சூழ்ந்த ஹக்கோனேக்குச் சென்றபோது நாம் எம் அன்னையாரையும் அழைத்துச் சென்றிருந்தோம். முழங்கால் வலிக்கு ஊற்றுநீர் இதமாக இருக்கும் என்று சொல்லியே அவரை இசைவித்தோம். செய்தி அறிந்ததும், “எனக்கு அறையிலேயே ஒரு வாளி வெந்நீர் போதும்” என்று கூறி உட்கார்ந்துவிட்டார். அதனோடு இன்னொரு தடையும் இருந்தது. பச்சை குத்திய உடலோடு வருவோரைப் பல பொதுக் குளியலறைகளில் அனுமதிப்பதில்லை. யாக்குசா என்னும் குற்றக் கூட்டத்தார் உடலெங்கும் பச்சை குத்திக்கொள்வதால் வந்த விதி இது. எம் அன்னையார் முன்கையில், அவர் சிறுமியாயிருந்தபோது குறத்தி குத்திய கோலம் ஒன்று இருந்தது!

இத்தகையோர்க்கு உதவுவதே தனிக்குளியல். அது இருவகைப்படும். சில அறைகளை ஒட்டியே ஊற்றுநீர்த் தொட்டி அமைந்திருக்கும்; அவ்வறைகளுக்கு வாடகை மிகுதி. மற்றொன்று ‘காஷிகிரி’ எனப்படுவது. விடுதிக்குப் பொதுவான சிறு தொட்டியை ஒரு குடும்பத்தார் முக்கால் மணி நேர அளவிற்குத் தமக்கென வாங்கிக் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். எம் அன்னையார் அவ்வாறே நீராடினார். முழங்கால் மடக்க முடியாதவர் கழுத்தளவு நீரில் கண்மூடி அமர்ந்திருந்த காட்சியை நம் வீட்டுப் பெண்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதன்பின் நாம் குளித்தோம். குளித்தபின் ஒரு பெரும் பிழையும் செய்தோம். நாம் குளித்த நீரில் அடுத்தவர் எவ்வாறு குளிப்பார் என்று எண்ணி, நம் வீட்டு வழக்கப்படி தொட்டியின் அடைப்பைப் பிடுங்கி நீரை வெளியேற்றிவிட்டோம். வெளியே வந்தால், அங்கி உடுத்திய ஓர் இளந்தம்பதியர் கைக்குழந்தையுடன் தம் முறைக்காகக் காத்து நிற்கின்றனர்! விடுதித் தலைவியான மூதாட்டியார் விரைந்து வந்தார். வெறும் தொட்டியைப் பார்த்தார். பின்பு நம்மை நோக்கித் தாழ வணங்கி, முன்னரே சொல்லாதது தம் குற்றம் என்று மன்னிப்புக் கேட்டார். அவர் கடிந்துகொண்டிருந்தால் நம் மனம் ஆறியிருக்கும். மூங்கிற் குழாய் வழியே நூலிழைபோல் விழும் ஊற்றுநீர் அத்தொட்டியை மீண்டும் நிரப்ப ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. குழந்தை உறங்கிவிட்டது.

தாழிட்ட கதவுக்குள் இருந்தாலும் நீர் நமதன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம். தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்பிட்டு அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, நுரை ஒரு துளியும் எஞ்சாமல் அலசிய பின்னரே நீரில் இறங்க வேண்டும். தொட்டி உடலைத் தூய்மை செய்வதற்கன்று. சூட்டில் அமர்ந்து களைப்பாறுவதற்கே உரியது. சிறு துவாலையையும் நீரில் நனைக்கலாகாது. பலர் அதனை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வர். குசாத்ஸு என்னும் ஊரில் ஊற்றுநீர் இறங்க இயலாத கொதிப்போடு வருகிறது. தண்ணீர் கலந்தால் தாதுக்களின் திறம் குன்றும் என்று கருதி, நீண்ட பலகைகளால் துழாவியே ஆற்றும் வழக்கம் அங்கே உண்டு. அத்தகைய மக்களின் நீரைத்தான் நாம் சாக்கடையில் விட்டோம்!

நேயர்களுள் அந்நாடு செல்லும் வாய்ப்புப் பெறுவோர் வேறு சிலவற்றையும் நினைவிற் கொள்க. நீரின் சூடு பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேலிருக்கும். இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்டுச் செல்வதும், எவரும் சிறுபொழுதே அமர்ந்து மெல்ல எழுவதும் நன்று. வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று, இரவு உணவும் காலை உணவும் சேர்த்தே கணக்கிடுவார்கள். மாலையில் தாமதமாகச் சென்றால் சமையலறை முழுதும் தவிக்கும். சைவ உணவினர் அறை கேட்கும்போதே எழுதிவிட வேண்டும். காய்கறிக் குழம்பிலும் மீன் வடித்த சாறு கலந்திருக்கும். சோற்றையும் ஊறுகாயையும் கொண்டே எம் அன்னையார் இரவைக் கழித்தார்.

மறுநாள் விடியுமுன் அவரது படுக்கை வெறுமையாயிருந்தது. தேடிச் சென்றோம். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. “அடைப்பைத் தொடவில்லை, பயப்படாதே” என்று உள்ளிருந்து குரல் வந்தது.