இத்தாலிய வினைத்திரிபும் வினைநோக்கும்: 'பார்லாரே' வாய்பாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு, வினை வடிவங்களைச் சுட்டுவதற்குச் 'செய்' என்னும் ஒரே வினையை வாய்பாடாகக் கொண்டுள்ளது. செய்து, செய, செய்த, செய்யும் என்று கூறிய அளவிலேயே ஆயிரக்கணக்கான வினைகளின் வடிவம் நம் மனத்தில் தோன்றிவிடுகின்றது. இத்தாலிய மொழியைக் கற்பிக்கும் நூல்களில் இப்பணியைப் பெரும்பாலும் 'பார்லாரே' (பேசுதல்) என்னும் வினை ஆற்றுகின்றது. ஒழுங்கான வினை ஒன்று எவ்வாறு திரியும் என்பதற்கு இஃது ஓர் அளவுகோல்.

இவ்வாய்பாட்டை மாணவர் பலரும் மனனம் செய்வதற்குரிய நீண்ட பட்டியலாகவே காண்கின்றனர். ஆனால், இப்பட்டியல் காலங்களை மட்டும் வரிசைப்படுத்துவதன்று. பேசுவோர் தாம் கூறும் செய்தியின்பால் எத்தகைய நிலைப்பாடு கொண்டுள்ளனர் என்பதை வகைப்படுத்துவதாகும். இக்கருத்தை விளக்குவதும், அதன்வழித் தமிழாசிரியர்கள் நம் வினைமுற்றுகளைக் கற்பிக்கும் முறையை எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாய்பாட்டின் அமைப்பு

இத்தாலிய வினைகள் அவற்றின் மூலவடிவ ஈற்றைக் கொண்டு மூன்று திரிபு வகைகளாகப் பகுக்கப்படுகின்றன. அவை 'ஆரே', 'ஏரே', 'ஈரே' என முடிவன. இவற்றுள் முதல் வகையே மிகப் பெரியது. மொழிக்குப் புதிதாக வரும் வினைகளும் பெரும்பாலும் இவ்வகையிலேயே சேர்கின்றன. கணினிச் சுட்டியைச் சொடுக்குதலைக் குறிக்கும் 'கிளிக்காரே' என்பது இதற்குத் தக்க சான்று.

ஒழுங்கான வினைக்கு 7 வினைநோக்குகள் உண்டு. நிகழ்ச்சியை உண்மையாக எடுத்துரைக்கும் செப்பு நோக்கு (இந்திக்காத்தீவோ), எண்ணம், ஐயம், விருப்பம் ஆகியவற்றின்கீழ் வரும் கருத்து நோக்கு (கொஞ்ஜுந்தீவோ), நிபந்தனை நோக்கு, ஏவல் நோக்கு ஆகிய நான்கும் முற்று வடிவங்கள். எஞ்சிய மூன்றும் இடம் காட்டாதவை. அவற்றை முறையே நம் தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் ஆகியவற்றோடு ஒருவாறு ஒப்பிடலாம். 'பார்லாரே' பேசுதல்; 'பார்லாத்தோ' பேசிய, பேசப்பட்ட; 'பார்லாந்தோ' பேசிக்கொண்டு. இவ்வேழு நோக்குகளிலும் 21 காலவடிவங்கள் உள்ளன. அவற்றுள் 12 தனிவடிவங்கள். 9 துணைவினையோடு கூடிய கூட்டுவடிவங்கள். எனவே, 'அவேரே' (உடைத்தாதல்) என்னும் துணைவினையின் திரிபையும் 'பார்லாத்தோ' என்னும் ஒரு சொல்லையும் அறிந்த மாணவர், அவ்வொன்பதையும் தாமே ஆக்கிக்கொள்ள இயலும்.

பகுதி, இடைநிலை, விகுதி

பகுபத உறுப்பிலக்கணம் பயின்ற நமக்கு இத்தாலிய முற்றுவினையின் கட்டமைப்பு அயலானதன்று. 'பேசினேன்' என்பதனைப் பேசு + இன் + ஏன் எனப் பிரிக்கின்றோம். 'பார்லாவோ' (பேசிக்கொண்டிருந்தேன்) என்பதனைப் பார்ல் + ஆ + வ் + ஓ எனப் பிரிக்கலாம். 'பார்ல்' பகுதி, 'ஆ' அவ்வினை வகைக்குரிய உயிர், 'வ்' இடைநிலை, 'ஓ' தன்மை ஒருமை விகுதி.

நிகழ்காலத்தில் இடைநிலை இல்லை. பகுதியோடு விகுதியே சேர்கின்றது:

தன்மை: பார்லோ (பேசுகிறேன்), பார்லியாமோ (பேசுகிறோம்)
முன்னிலை: பார்லி (பேசுகிறாய்), பார்லாத்தே (பேசுகிறீர்கள்)
படர்க்கை: பார்லா (பேசுகிறான், பேசுகிறாள்), பார்லனோ (பேசுகிறார்கள்)

பன்மையில் வரும் 'மோ', 'தே', 'னோ' ஆகிய ஈறுகள் பிற காலங்களிலும் பெரும்பாலும் தொடர்கின்றன. தமிழ்ப் படர்க்கை வினைமுற்று பால் காட்டுவது போல இத்தாலிய வினைமுற்றின் விகுதி பால் காட்டுவதில்லை. ஆயினும், 'எஸ்ஸெரே' (இருத்தல்) என்னும் துணைவினை ஏற்கும் வினைகளின் கூட்டுவடிவத்தில் பால் வெளிப்படும். 'ஏ அந்தாத்தோ' என்பது சென்றான். 'ஏ அந்தாத்தா' என்பது சென்றாள்.

ஒலியளவில் இரு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. 'பார்லோ' என்பதில் முதலசை அழுத்தம் பெறின் 'பேசுகிறேன்' என்றும், ஈற்றசை அழுத்தம் பெறின் 'பேசினான்' என்றும் பொருள்படும். அவ்வாறே 'பார்லெரேமோ' என்பது 'பேசுவோம்' என்னும் எதிர்காலம். மகர மெய் இரட்டித்துப் 'பார்லெரெம்மோ' என வரின் அது நிபந்தனை நோக்கு. கனி, கன்னி ஆகியவற்றை வேறுபடுத்தி ஒலிக்கப் பழகிய தமிழ் மாணவருக்கு இவ்விரட்டிப்பு எளிதில் கைவரும்.

காலப்பெயரும் காலமும்

இறந்தகாலத்தைச் செப்பு நோக்கு பல கூறாக்குகின்றது. 'பார்லாவா' என்பது முடிவு சுட்டப்படாத தொடர்நிகழ்வையோ வழக்கத்தையோ குறிக்கும். 'ஆ பார்லாத்தோ' என்பதும் ஈற்றழுத்தம் பெற்ற 'பார்லோ' என்பதும் முடிந்த செயலைக் குறிப்பன. இவ்விரண்டனுள் முன்னது நிகழ்காலத்தோடு தொடர்புடையது. பின்னது அத்தொடர்பு அற்றது என்பது நூல் வழக்கு. பேச்சில் இவ்வேறுபாடு வட்டாரத்திற்கேற்ப மாறுகின்றது. வட இத்தாலியில் பின்னது பேச்சு வழக்கில் அரிதாகிவிட்டது. சிசிலியில் அது பரவலாக வழங்குகின்றது.

எதிர்கால வடிவம் மேலும் கருதத்தக்கது. 'பார்லெரா' என்பதற்குப் 'பேசுவார்' என்பது நேர்ப்பொருள். ஆயினும், 'இந்நேரம் ஆசிரியருடன் பேசிக்கொண்டிருப்பார்' என்னும் ஊகத்திற்கும் இத்தாலியர் இவ்வடிவத்தையே ஆள்வர். அங்குக் குறிக்கப்படும் காலம் நிகழ்காலம். எதிர்கால வடிவம் உணர்த்துவது உறுதியின்மையை. தமிழிலும் 'இந்நேரம் வீட்டில் இருப்பார்' என்கின்றோம். அதற்கும் மேலாக, 'அக்காலத்தில் தாத்தா மணிக்கணக்கில் பேசுவார்' என்று இறந்தகால வழக்கத்திற்கும் எதிர்கால முற்றை ஆள்கின்றோம். இவ்விடத்தில் இத்தாலியர் 'பார்லாவா' என்பர். ஆகவே, வடிவத்திற்கு நாம் இட்ட காலப்பெயர் வேறு, அவ்வடிவம் உணர்த்தும் காலம் வேறு என்பது இரு மொழிகளுக்கும் பொதுவான உண்மையாகும்.

கருத்து நோக்கு

இத்தாலியம் பயில்வோர் மிகுதியும் இடர்ப்படுவது கருத்து நோக்கிலேயே. இதன் நிகழ்கால ஒருமையில் மூவிடத்திற்கும் 'பார்லி' என்னும் ஒரே வடிவம் வரும். பன்மையில் பார்லியாமோ, பார்லியாத்தே, பார்லினோ என்பன வரும்.

'ஸோ கே பார்லா' என்பது 'அவர் பேசுகிறார் என்று அறிவேன்' எனப் பொருள்படும். 'க்ரேதோ கே பார்லி' என்பது 'அவர் பேசுகிறார் என்று நினைக்கிறேன்' எனப் பொருள்படும். தமிழில் இரு தொடர்களிலும் 'பேசுகிறார்' என்னும் முற்று மாறவில்லை. அறிவுக்கும் எண்ணத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தலைமை வினையே தாங்குகின்றது. இத்தாலியத்திலோ அவ்வேறுபாடு துணைத்தொடரின் வினை விகுதியிலும் பதிகின்றது.

பிறிதோர் எடுத்துக்காட்டு இதனினும் நுட்பமானது. 'இத்தாலியம் பேசும் ஒருவரைத் தேடுகிறேன்' என்னும் தமிழ்த் தொடர் இருபொருள் தரும். குறிப்பிட்ட ஒருவரைத் தேடுவதாகவும் கொள்ளலாம். அத்தகுதியுடைய எவரேனும் கிடைப்பாரா என்று தேடுவதாகவும் கொள்ளலாம். இத்தாலியத்தில் முன்னதற்குப் 'பார்லா' என்றும் பின்னதற்குப் 'பார்லி' என்றும் வரும். ஓர் உயிரெழுத்தின் மாற்றம், அம்மனிதர் உளர் என்பதையும் உளரோ இலரோ என்பதையும் பிரித்துக் காட்டிவிடுகின்றது.

இந்நோக்கு இன்றைய இத்தாலியச் சமூகத்தில் கல்வியின் அடையாளமாகவும் கருதப்படுகின்றது. இயல்பான பேச்சில் 'க்ரேதோ கே பார்லா' எனச் செப்பு நோக்கு வருவதும் உண்டு. 1975-இல் வெளிவந்த 'ஃபந்தோத்சி' திரைப்படத்தின் கதைமாந்தரான எளிய அலுவலக எழுத்தர், கருத்து நோக்கைப் பிழைபடப் பேசி நகைப்புக்குரியவராகிறார். அத்தகைய பிழைகளுள் ஒன்று 'வாதா' (செல்க) என்பதற்குப் பதிலாக 'வாதி' என்பதாகும். இப்பிழை அறியாமையின் விளைவு மட்டுமன்று. 'பார்லி' என்னும் ஒழுங்கான வினையின் இகர ஈற்றை ஒழுங்கற்ற வினைக்கும் நீட்டியதன் விளைவு. பிழையிலும் ஒரு விதி தொழிற்படுவதை மொழி கற்பிப்போர் அறிதல் வேண்டும்.

நிபந்தனை நோக்கு

'அவர் பேசினால் கேட்பேன்' என்னும் தமிழ்த் தொடர், அவர் பேசக்கூடும் என்னும் நிலைக்கும் பேசுவது அரிது என்னும் நிலைக்கும் பொதுவாக நிற்கின்றது. இத்தாலியம் இவற்றைப் பிரிக்கின்றது:

நிகழக்கூடியது: ஸே பார்லா, அஸ்கோல்தோ
நிகழ்தல் அரிது: ஸே பார்லாஸ்ஸே, அஸ்கொல்தெரேய்
நிகழாது போனது: ஸே அவேஸ்ஸே பார்லாத்தோ, அவ்ரேய் அஸ்கொல்தாத்தோ

மூன்றாவது தொடர் 'பேசியிருந்தால் கேட்டிருப்பேன்' என்பதனோடு நன்கு பொருந்துகின்றது. இரண்டாவதற்கே தமிழில் தனி வடிவம் இல்லை. 'ஒருவேளை', 'பேசுவாரேயானால்' போன்றவற்றால் அப்பொருளை உணர்த்துகின்றோம்.

நிபந்தனை நோக்கிற்கு இன்னொரு பயனும் உண்டு. தாம் உறுதி செய்யாத செய்தியை எழுதும்போது இத்தாலிய நாளிதழ்கள் இதனை ஆள்கின்றன. அவ்விடத்தில் வரும் வடிவத்தைத் தமிழில் 'பேசுவாராம்' என்பதில் உள்ள 'ஆம்' கொண்டே செம்மையாகப் பெயர்க்க இயலும். வினை விகுதி அங்கே ஆற்றும் பணியை இங்கே இடைச்சொல் ஆற்றுகின்றது.

ஏவலும் வியங்கோளும்

'பார்லா' என்பது 'நீ பேசு' என்னும் ஏவல். 'பார்லாத்தே' என்பது பன்மை ஏவல். மதிப்பிற்குரிய ஒருவரை நோக்கிப் 'பேசுங்கள்' என்று கூறுமிடத்து ஏவல் வடிவம் இல்லை. கருத்து நோக்கின் 'பார்லி' என்பதே கடன் கொள்ளப்படுகின்றது. இதனை நம் 'பேசுக' என்னும் வியங்கோளோடு ஒப்பிடல் தகும். நன்னூலார் வியங்கோளை ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவாகக் கொள்வர். 'பார்லி' என்பதும் ஒருமையில் மூவிடத்திற்கும் பொதுவாக நிற்பதை மேலே கண்டோம். கட்டளையை விருப்பமாக மாற்றி மரியாதை காட்டுதல் இரு மொழிகளிலும் காணப்படும் பண்பாகும்.

வகுப்பறைப் பயன்பாடு

ஒரு மொழியின் சட்டகத்தை மற்றொரு மொழியின்மேல் அப்படியே ஏற்றுதல் முறையன்று. இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் இதற்கு நல்வழிகாட்டி. தமிழுக்குப் புதியவரான மறைப்பணியாளர்களுக்கு இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் வரைந்த அவரே, தமிழறிந்தோர்க்குத் தமிழ் மரபைத் தழுவித் 'தொன்னூல் விளக்கம்' இயற்றினார். கற்போர் யாவர் என்பதற்கேற்பச் சட்டகத்தைத் தெரிந்துகொண்டார்.

நம் வகுப்பறைகளில் வினைமுற்று மூன்று காலங்களாகவே பயிற்றப்படுகின்றது. 'பேசுவார்' எதிர்காலம் என்று மட்டும் கற்ற மாணவர், 'அக்காலத்தில் பேசுவார்' என்னும் தொடரைக் கண்டு அதனைப் பிழையெனத் திருத்த முற்படலாம். அவர் திருத்துவது மொழியின் உயிரான ஒரு வழக்கை. எனவே, மூன்று கால அட்டவணையின் அருகே மற்றொரு நிரலையும் சேர்க்கலாம். பேசுவோர் அறிந்து கூறுகின்றாரா, ஊகிக்கின்றாரா, கேட்டதைக் கூறுகின்றாரா, விரும்புகின்றாரா என்பதை அந்நிரலில் மாணவரே நிரப்பட்டும். 'பேசுகிறார்', 'பேசுவார்', 'பேசுவாராம்', 'பேசக்கூடும்', 'பேசுக' ஆகிய ஐந்தும் போதிய தொடக்கமாகும்.

முடிவுரை

இத்தாலிய வாய்பாடு வினைநோக்கை விகுதியில் வெளிப்படையாக வைத்திருக்கின்றது. தமிழ் அதனைக் கால வடிவங்களின் பல்வேறு ஆட்சியிலும், இடைச்சொற்களிலும், துணைவினைகளிலும், வியங்கோளிலும் பகிர்ந்து வைத்திருக்கின்றது. ஒரே அட்டவணையில் அடங்காமையால் அது தமிழில் இல்லை என்று கொள்ளுதல் பொருந்தாது. அதனை எடுத்துக்காட்டி விளக்கும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது.