பழைய காரின் ஓசையும் ஒழுக்கும்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நீங்கிய பின்னரும் வரிப்பளு காரணமாகப் புதிய வண்டி என்பது நம் போன்ற சம்பளக்காரருக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. ஆகவே இருபது, இருபத்தைந்து வயதான கார்களையே கைமாறி வாங்குகிறோம். வத்தளையில் அவற்றுக்குக் கடலின் உப்புக் காற்று வேறு பகை.

நான் கலைப் பட்டதாரி, இயந்திரவியல் கற்றவனல்லேன். எனினும், பதினைந்து ஆண்டுகளாகப் பழைய காரோடு குடித்தனம் நடத்தியதிற் கற்ற சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பழுதைத் திருத்துவது பாஸின் வேலை. எங்கே, எப்பொழுது, எப்படி என்று அவரிடம் சரியாகச் சொல்வது நம் வேலை.

முதலில் ஒழுக்கைப் பார்ப்போம். இரவில் வண்டியின் கீழே ஓர் அகன்ற கடதாசி மட்டையை விரித்துவைத்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதிற் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அம்மட்டையிற் பாதி விடை கிடைக்கும். குளிரூட்டியைப் பயன்படுத்திய பின் முன்னால் இடப்பக்கத்திற் சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது காற்றிலிருந்த ஈரமே; கொழும்பின் புழுக்கத்தில் அது தாராளமாகவே வரும். பச்சையாகவோ சிவப்பாகவோ, சற்று இனிப்பு மணத்துடன் வழுக்குமானால் அது றேடியேற்றர் நீர். தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துளையை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அதன் வழியே நீர் கசிந்தால், உள்ளேயிருக்கும் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று பம்பே நமக்கு அறிவிக்கிறது என்பது பொருள். அத்துளையைப் பசை போட்டு அடைத்த ஒருவரை நான் அறிவேன். அவர் வண்டி அடுத்த மாதமே கொதித்து நின்றது. இன்னொன்று: சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி தரும் அழுத்தத்தால் உள்ளே நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்த கணத்திலே அது பொங்கி முகத்தில் அடிக்கும்.

தவிட்டு நிறமோ கறுப்போ ஆனது எஞ்சின் ஒயில். பழைய வண்டியில் மேல்மூடியின் இறப்பர் இறுகி, அங்கிருந்தே அது வழிவது வழக்கம். மட்டையில் ஓரிரு துளி விழுந்தால், வாரந்தோறும் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். பெற்றோல் மணத்தோடு ஈரம் தெரிந்தால் வண்டியை இயக்கவே வேண்டாம்.

எஞ்சியிருப்பது பிரேக் ஒயில். இதைப்பற்றிப் பேச எனக்குச் சற்று வெட்கமாயிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், என் காரின் பின்சக்கரம் ஒன்றின் உட்புறத்தில் ஈரம் கண்டேன். மழைக்காலமாதலால் மழைநீர் என்று எண்ணினேன். தொட்டுப் பார்த்திருந்தால் வழுக்கியிருக்கும். முகர்ந்திருந்தால் மழையன்று என்பது தெரிந்திருக்கும். ஒரு வாரம் கழிந்தது. தமிழ்மொழித் தினப் போட்டிக்காக மாணவிகள் மூவரை ஏற்றிக்கொண்டு வத்தளையிலிருந்து புறப்பட்டேன். பேலியகொடையை அணுகும்போது முன்னே ஒரு பேருந்து நின்றது. மிதியை அழுத்தினேன், அது அரைவாசிக்கு மேல் எதிர்ப்பின்றிக் கீழே போயிற்று. கியரைக் குறைத்தேன், கைப்பிரேக்கையும் இழுத்தேன். பேருந்துக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது. பிரேக் அமைப்பு இரு பிரிவுகளாக இருந்தமையால், ஒன்று வறண்டபோதும் மற்றது பிடித்தது. பின்னாலிருந்த பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் தங்கள் பேச்சை மனனம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கோ கைநடுக்கம் அன்று மாலை வரை தீரவில்லை. பிரேக் ஒயில் கிண்ணத்தின் மட்டத்தை ஒரு முறை பார்த்திருந்தாலே போதும். அரை நிமிட வேலை.

இனி ஓசைகள். எந்த ஓசைக்கும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எஞ்சினோடு ஓடுகிறதா, சக்கரத்தோடு ஓடுகிறதா? வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து எஞ்சினை மட்டும் விரைவுபடுத்துங்கள். ஓசையும் விரைந்தால் அது எஞ்சின் பக்கத்தது. நின்ற இடத்திற் கேட்காமல், ஓடும்போது மட்டும் வேகத்தோடு கூடினால் சக்கரத்தின் பக்கம் தேடுங்கள். ஓடும் வண்டியில் எஞ்சினை நிறுத்திச் சோதிப்பது பேராபத்து. பிரேக்கின் துணைவிசை போய்விடும், சுக்கானும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

ஈரமான காலையில் இயக்கியவுடன் கிரீச்சென்று கத்துவது பெரும்பாலும் தளர்ந்த பெல்ட். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் அடங்குவது புகைக்குழாய் இணைப்பின் கசிவாக இருக்கலாம். உலோகம் விரிந்து அவ்விடைவெளியை மூடிவிடுகிறது. சுக்கானை முழுதாகத் திருப்பி வளையும்போது மட்டும் கடகடவென்றால், முன்சக்கர அச்சின் மூட்டைப் பாருங்கள். அதன் இறப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெங்கும் கிறீஸ் தெறித்திருக்கும். உறை கிழிந்த அன்றே கண்டால் செலவு சொற்பம். மூட்டுக்குள் மணல் புகுந்த பின் மூட்டையே மாற்ற வேண்டும். வண்டு முரல்வது போன்ற இரைச்சல் சக்கரத்தின் பெயரிங்கிலிருந்து வருவது. இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச் சக்கரத்தில் ஏறும்; அப்போது இரைச்சல் மிகுந்தால் பழுது வலப்பக்கத்தது.

அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டு, ஒயில் விளக்கும் எரிந்தால், வீடு அண்மையில்தானே என்று ஓட்டிச் செல்லாதீர்கள். அந்த அரை மைலிலேயே எஞ்சின் அழிந்துவிடக்கூடும்.

இடம் தெரியாத ஓசைக்குப் பாஸ்மார் ஒரு முறை கையாள்வர். நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்துக் கேட்பார்கள். பிரெஞ்சு வைத்தியர் லாயென்னெக் 1816இல் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டதும் இவ்வழியிலேதான். சுழலும் பெல்டுக்கு அருகே செல்லும்போது தளர்ந்த உடையும் சேலைத் தலைப்பும் விலகியிருக்கட்டும்.

கராஜுக்குப் போகுமுன் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: குளிர்ந்திருக்கையிலா, சூடானபோதா, எந்த வேகத்தில், இடமா, வலமா, எத்தனை நாளாக. கறை படிந்த மட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கள் பாஸ் முதலிற் சிரித்தார். இப்போது வண்டியைப் பார்க்குமுன் மட்டை எங்கே என்று கேட்கிறார்.