பாட்டியைப் படுக்கையில் போடாதீர்கள்!

"பாட்டி, நீங்கள் எழுந்திருக்காதீர்கள். எது வேண்டுமானாலும் கேளுங்கள். நாங்கள் கொண்டு வந்து தருகிறோம்!"

குளியல் அறையில் வழுக்கி விழுந்த பாட்டியிடம் வீட்டார் சொல்வது இது. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பே பாட்டியைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிடும்!

படுத்தே கிடந்தால் கால் தசை வற்றும். முதியவர்களுக்கு இது வெகு வேகமாக நடக்கும். படுக்கைப் புண்ணும் வரும். "மறுபடியும் விழுந்துவிட்டால்?" என்ற பயம் வேறு. பயந்து நடக்காமல் இருந்தால் கால் இன்னும் தளரும். தளர்ந்த கால்தான் மறுபடி தடுமாறும்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் அல்ல. லண்டன் நகரை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர் இருந்தார். 1935-ம் ஆண்டில், ஏழைகள் விடுதியில் கிடந்த 700-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அவர் பொறுப்புக்கு வந்தார்கள். பல முதியவர்கள் 'இனி எழ மாட்டார்கள்' என்று கைவிடப்பட்டவர்கள். ஒவ்வொருவரையும் அவர் சோதித்தார். எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள்!

இன்று இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவரைக்கூட, முடிந்தால் மறுநாளே எழுப்பி நிறுத்துகிறார்கள்.

விழுந்தவரை வெடுக்கென்று தூக்காதீர்கள். தலையில் அடியா? காலை அசைக்க முடியவில்லையா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏன் விழுந்தார் என்றும் டாக்டரிடம் கேளுங்கள். கண் பார்வை காரணமாக இருக்கலாம். சாப்பிடும் மாத்திரையும் தலையைச் சுற்ற வைக்கலாம்.

"நடக்கலாம்" என்று டாக்டர் சொன்னபின் தயங்க வேண்டாம். கட்டில் ஓரத்தில் சற்று உட்காரட்டும். பிறகு எழட்டும்.

வலது கால் வலித்தால் கைத்தடி எந்தக் கையில்? வலது கையில் என்பீர்கள். (நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.) தவறு! இடது கையில். தடியும் வலிக்கும் காலும் சேர்ந்து முன்னே போக வேண்டும். அப்போதுதான் உடல் பாரத்தில் ஒரு பங்கைத் தடி தாங்கும். கையைத் தொங்கவிட்டு நின்றால், தடியின் பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில்.

குளியல் அறைப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒரு கைப்பிடி பதியுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும்.

நாளைக் காலை காபி டம்ளரைக் கட்டிலுக்குக் கொண்டு போகாதீர்கள். சமையல் அறை வரை பாட்டி வரட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. நீங்கள் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.