வழிப்படுத்தல் அட்டவணையைச் சோதித்தல்

மாணவர்களே, ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொரு வலையமைப்புக்குத் தரவுப் பொதிகளை அனுப்பும் சாதனம் வழிப்படுத்தி எனப்படும். எந்த வலையமைப்புக்குரிய பொதியை எவ்வழியே அனுப்புவது என்பதை அதன் வழிப்படுத்தல் அட்டவணை காட்டும். ஒவ்வொரு வழிப்படுத்தியும் தனது அட்டவணையை மாத்திரமே பார்க்கும் என்பதைக் கவனிக்குக.

உதாரணம்:

கணினி அ (192.168.1.10) – வழிப்படுத்தி 1 – வழிப்படுத்தி 2 – கணினி ஆ (192.168.3.10)

முகவரியின் முதல் மூன்று எண்கள் வலையமைப்பைக் குறிக்கும் எனக் கொள்க. இரு கணினிகளுக்கும் தத்தம் பக்க வழிப்படுத்தியே நுழைவாயில். அட்டவணைகளில் உள்ளவை இவை மட்டுமே:

வழிப்படுத்தி 1
192.168.1.0 – நேரடி
192.168.2.0 – நேரடி
192.168.3.0 – வழிப்படுத்தி 2 ஊடாக

வழிப்படுத்தி 2
192.168.2.0 – நேரடி
192.168.3.0 – நேரடி

அ இலிருந்து ஆ இற்கு பிங் கட்டளை இட்டால் பதில் வராது. "பொதி ஆ ஐச் சென்றடையவில்லை" என்றே பலர் எழுதுவர். அது பிழை. பொதி சென்றடைகிறது, ஆ அனுப்பும் பதிலே திரும்புவதில்லை. ஏனெனில் 192.168.1.0 இற்கான வழி வழிப்படுத்தி 2இன் அட்டவணையில் இல்லை. எனவே பதில் அங்கே கைவிடப்படுகிறது.

இதனை எவ்வாறு கண்டறியலாம்? மறுமுனையிலிருந்தும் சோதிக்குக. ஆ இலிருந்து அ இற்கு பிங் இட்டால், அவ்வலையமைப்பை அடைய முடியாது என வழிப்படுத்தி 2 அறிவிக்கும். குறை இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதன் அட்டவணையில் "192.168.1.0 – வழிப்படுத்தி 1 ஊடாக" எனச் சேர்த்தபின் இரு முனைகளிலிருந்தும் மீண்டும் சோதிக்குக.

நினைவிற் கொள்க: பதில் கிடைப்பதற்குப் போகும் வழியும் வேண்டும், திரும்பும் வழியும் வேண்டும்.

பயிற்சி: வழிப்படுத்தி 1இன் அட்டவணையிலிருந்து 192.168.3.0 நீக்கப்பட்டால், அ அனுப்பும் பொதி எங்கே கைவிடப்படும்? காரணம் தருக.